மூளைதான், மனசில்லை

யாசுயோவுக்கு முதல் வலிப்பு வந்தது ஐந்தாம் வகுப்பு விளையாட்டு விழாவில். ஊரே பாய் விரித்து, சோற்றுருண்டையும் பொரித்த கோழியும் கட்டிக்கொண்டு வந்து மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாள். கயிறு இழுக்கும் போட்டியில் சிவப்பு அணிக்காகப் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டு விறைத்து விழுந்தாள். ஒலிபெருக்கியில் அணிவகுப்புப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. வேறு எந்த நாளில், எந்த மூலையில் வந்திருந்தாலும் பத்துப் பேரோடு போயிருக்கும். வருகிற நோய் ஊர் கூடிய நேரம் பார்த்தா வர வேண்டும்?

அகிதாக் கடற்கரையில் எங்களுடையது சின்ன ஊர். குளிர்காலத்தில் ஹதாஹதா மீன் வரும், பிறகு பனி வரும், இரண்டும் இல்லாத நாட்களில் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் யாசுயோவின் அம்மா, டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அன்றே மகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்க. யார் கேட்டாலும் மூளைன்னு சொல்லு. மூளையில மின்சாரம் கொஞ்சம் எகிறுது, அவ்வளவுதான். மனசு கினசுன்னு ஒரு வார்த்தை உன் வாயில வரக்கூடாது. மூளைன்னா ஐயோ பாவம்பாங்க. மனசுன்னா கதவைச் சாத்திப்பாங்க."

"மூளைதான், மனசில்லை" என்று பதினொரு வயதுப் பெண் மூன்று தடவை சொல்லிப் பழகினாள். அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சொன்னாள்.

இதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. எங்கள் பக்கத்தில் வலிப்புக்கு வைத்தியம் பார்ப்பவரே மனநல மருத்துவர்தான். பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் 'மனநலப் பிரிவு' என்று ஆளுயரத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள். அம்மா அந்தப் பலகையைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் விலகுவாள். துணி வெளுக்கும் கொட்டகை வழியாகப் பின்வாசல் ஒன்று இருந்தது. முப்பது வருஷம் இருவரும் அதன் வழியாகத்தான் போய் வந்தார்கள். வெளுக்கிற பெண்களுக்கு அவர்கள் யாரென்று தெரியும், எதற்கு இந்த வழி என்றும் தெரியும். ஈரப் போர்வைகளை ஒதுக்கி வழிவிடுவார்கள்.

யாசுயோவின் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைத்து விசாரித்தார்கள். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். மூன்று தலைமுறையில் யாருக்காவது கோளாறு உண்டா என்று மீன்கடை வரை வந்து கேட்பார்கள். ஊர் அன்று பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டது. ஆனால் கல்யாணத்தன்று யாசுயோ வீட்டிலேயே இருந்தாள். தங்கைக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. ஒசாகாவில் இருக்கும் அக்கா புருஷனுக்கு இன்றுவரை அந்தக் காய்ச்சல் மட்டும்தான் தெரியும்.

பிற்பாடு நகராட்சி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா நல்ல எண்ணத்தோடு ஒரு படிவத்தை நீட்டினான். வலிப்பு உள்ளவர்களுக்கு அரசாங்கம் சலுகை அட்டை கொடுக்கிறது, வேலைக்கு உதவும் என்றான். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பைப் படித்தாள். 'மனநலக் குறைபாடு உடையோர் அட்டை.'

"இது எங்களுது இல்லையே" என்றாள் அம்மா.

"வலிப்பும் இதுலதாம்மா வருது. சட்டத்துல ஒரே பட்டியல்."

"சட்டத்தைத் திருத்திட்டு வந்து கூப்பிடு தம்பி" என்று படிவத்தை நாலாகக் கிழித்து அவன் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். யாசுயோவுக்கு அன்று அம்மாவை நினைத்துத் தலைகொள்ளாத பெருமை. அந்தப் பெருமையைச் சொல்லித் திட்டுவதற்கு இன்று எனக்கு மனசில்லை, ஆனாலும் திட்டத்தான் தோன்றுகிறது.

அட்டை இல்லாமலே யாசுயோ மீன் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். கத்தி மட்டும் அவள் கையில் தரமாட்டார்கள். உப்புத் தூவுவதும் தட்டில் அடுக்குவதும் அவள் வேலை. பக்கத்தில் நிற்பவள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். யாரும் உத்தரவு போடவில்லை, அப்படி ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது.

"என் மூஞ்சியில என்ன மீன் செதிலா ஒட்டியிருக்கு? இப்படிப் பாக்குறீங்க?" என்று யாசுயோ எரிந்து விழுவாள்.

"உன் அழகுக்குப் பாக்குறோம்னு நெனச்சியாக்கும்! வேலையைப் பாருடி."

வலிப்பு உள்ளவர் தனியாகக் குளிக்கக் கூடாது. எங்கள் ஊரில் குளியல் என்றால் கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்து உட்காருவது. தொட்டியில் அரை நிமிஷம் நினைவு தப்பினால் போதும். அதனால் வேலை முடிந்ததும் யாசுயோ ஊர்க் குளியல்கூடத்துக்குப் போவாள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே உயரமான இருக்கையில் ஹிதேமி உட்கார்ந்திருப்பாள். கூடம் அவளுடையது. யாசுயோவைவிடப் பதினைந்து வயது மூத்தவள், புருஷனை இழந்தவள், தொண்டை மட்டும் பீரங்கி.

ஆவி மூட்டத்தில் கண் தெரியாது என்பதால் ஹிதேமி கூப்பிட்டுக் கொண்டே இருப்பாள்.

"யாசுயோ!"

"ம்!"

"உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்க்கா!"

"அப்ப காதுக்குப் பின்னால நல்லாத் தேய்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆண்கள் சிரிப்பார்கள். சில நாள் குறும்புக்காரன் எவனாவது மெல்லிய குரலில் "ம்!" என்று அவளுக்குப் பதிலாகக் குரல் கொடுத்து ஹிதேமியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். இத்தனை வருஷத்தில் மூன்று முறை பதில் வரவில்லை. மூன்று முறையும் ஹிதேமி இருக்கையிலிருந்து குதித்தாள். இரண்டாவது தடவை சோப்பில் வழுக்கி முழங்கையை உடைத்துக்கொண்டு, அந்தக் கையோடேயே யாசுயோவின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன் அம்மா இறந்துபோனாள். யாசுயோ தனியானாள். ஆனால் அப்போதுகூட அவளைப் பார்க்கிற கண்கள் நாள் முழுக்க இருந்தன. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பிறகு நல்ல காலம் பிறந்தது. மருத்துவர் நாகானே, இருபத்திரண்டு வருஷமாக அவளைப் பார்ப்பவர், புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார். வலிப்பு நின்றது. மாதம் போனது, வருஷம் போனது, இரண்டு வருஷமும் முழுசாகப் போனது. "இனி வீட்டிலேயே தாராளமாகக் குளிக்கலாம். ஆசைப்பட்டால் கார் உரிமத்துக்குக்கூட மனுப் போடலாம்" என்று நாகானே சொன்னார். கொட்டகையில் பெண்கள் சிவப்புப் பயறு போட்டுச் சோறு சமைத்துக் கொண்டுவந்தார்கள். பிரசவத்துக்கும் பட்டமளிப்புக்கும் சமைக்கிற சோறு. ஐம்பதை நெருங்குகிறவள் எதில் தேறினாள் என்று கேலி செய்து சிரித்துச் சாப்பிட்டார்கள். யாசுயோ இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் முகத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அவரவர் மீனைப் பார்த்தார்கள். குளியல்கூடத்திலும் அப்படித்தான். ஒருநாள் தொட்டியில் உட்கார்ந்தபடி அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. ஹிதேமி யாரோடோ வெள்ளரி ஊறுகாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் யாசுயோ தானாகவே "ம்!" என்றாள்.

"யாருடி அது? கூப்பிடாமலே பதில் சொல்றது?" என்று ஹிதேமி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். யாசுயோவும் சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து வீட்டிலேயே குளிக்க ஆரம்பித்தாள். வலிப்பு இருந்தவரை அவளுக்கு ஊர் இருந்தது. நோய் போகும்போது கையோடு ஊரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எப்போது அது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியாது. முதலில் மிசோ சூப் ருசிக்கவில்லை. விடியுமுன் விழிப்பு வந்து, எழவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் கிடந்தாள். கொட்டகையில் இரண்டு பேர் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. ஒருநாள் ஒரு தட்டு மீனைத் தரையில் அடித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கோபம் தந்தது. அப்புறம் கோபமும் வற்றிப்போய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. இருந்து என்ன பயன் என்ற கேள்வி முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு நாளுக்கு ஒருமுறை, பிறகு போகவே இல்லை.

இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் அம்மா சொன்னது பொய், பின்வாசல் பொய், கிழித்த படிவம் பொய், முப்பத்தெட்டு வருஷம் தலை நிமிர்ந்து நடந்ததெல்லாம் பொய். ஊர் மனசுக்குள் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிடும். அதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பதே மேல் என்று இருந்துவிட்டாள்.

வலிப்பு நோயாளிகள் ஒரு நாட்குறிப்பு எழுதுவார்கள். வலிப்பு வந்த நாளில் பெருக்கல் குறி, வராத நாளில் வட்டம். எங்கள் நாட்டில் வட்டம் என்றால் சரி, நல்லது, தேர்ச்சி. பள்ளிப் பிள்ளை கணக்கைச் சரியாகப் போட்டால் வாத்தியார் வட்டம் போடுவார். ரொம்பச் சரியாகப் போட்டால் வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கிக் கொடுப்பார். யாசுயோவின் நாட்குறிப்பில் வரிவரியாக வட்டங்கள்.

"வலிப்பு?" என்பார் நாகானே.

"இல்ல டாக்டர்."

"தூக்கம்?"

"பரவாயில்ல."

"அடுத்த தடவை பாப்போம்."

ஒரு புதன்கிழமை உற்சாகத்தில் அவர் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒரு பூ வரைந்தார். "முழு மதிப்பெண்!" என்றார். அவள் குனிந்து நன்றி சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பூவைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அழுகைகூட வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாத்திரையை நிறுத்தினாள். அவள் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாத்திரை இல்லாவிட்டால் வலிப்பு திரும்பும். தனியாகக் குளிக்கும்போது திரும்பினால் விபத்து. 'பாவம், அந்தப் பாழாய்ப்போன வியாதி கடைசியில் கொண்டுபோய்விட்டது' என்று ஊர் சொல்லும். மனசு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். செத்தாலும் மூளையால் செத்தவளாகச் சாகலாம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை இதைவிட ஒழுங்காக யார் காப்பாற்ற முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, பழக்க தோஷத்தில் நாட்குறிப்பை எடுத்து அன்றைய தேதியில் வட்டம் போட்டாள். போட்ட பிறகுதான் கை நின்றது. நாள் இன்னும் முடியவில்லை. சாவதற்குப் போகிற நாளுக்கு 'நல்லது' என்று குறி போட்டிருக்கிறாள். முந்தைய பக்கத்தைப் புரட்டினாள், அதற்கு முந்தையதையும். எட்டு மாதமாக நல்லது, நல்லது, நல்லது. இத்தனை பொய்யைத் தன் கையெழுத்தில் ஒரே இடத்தில் பார்த்தபோது அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வெகுநாள் கழித்து வந்த ஆத்திரம்.

நேராகப் போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, இது மனசுதாம்மா" என்றாள். "மூளையும்தான். ஆனா இப்ப மனசு. நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

படத்திலிருந்து அம்மா வழக்கம்போல் கறாராகப் பார்த்தாள். யாசுயோ எழுந்து குழாயை மூடினாள். மாத்திரையை விழுங்கினாள். போர்த்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்து, பஸ் எப்போது வரும் என்று விடியும்வரை காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிப் பின்வாசல் பாதையில் இடுப்பளவு பனி குவிந்து கிடந்தது. சுற்றிப் போக அவளுக்குத் தெம்பில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலகைக்குக் கீழே நடந்து முன்வாசல் வழியாகப் போனாள்.

"இன்னிக்கு உங்க நாள் இல்லையேம்மா, புதன்தானே?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "வலிப்பு வந்துடுச்சா?"

"வரல."

"அப்புறம் என்ன விஷயமா?"

காத்திருப்போர் பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாசுயோ அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் திறக்காது என்று தெரியும்.

"மனசு சரியில்ல" என்றாள். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "சாகணும்போல இருக்கு."

வரவேற்புப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "உக்காருங்கம்மா. முதல்ல உங்களத்தான் கூப்பிடச் சொல்றேன்" என்றாள்.

அப்போதுதான் யாசுயோ திரும்பினாள். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி, கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, மூக்குவரை முகமூடி போட்டு, மேலே ஒரு வாரப் பத்திரிகையையும் பிடித்திருந்தாள். பத்திரிகையைப் பிடித்திருந்த இடது முழங்கை முழுசாக மடங்காமல் கோணி நின்றது. சோப்பில் வழுக்கி உடைந்த கை. ஹிதேமி! திங்கள்கிழமை குளியல்கூடத்துக்கு விடுமுறை என்பது யாசுயோவுக்கு அப்போது உறைத்தது. ஹிதேமி வருவது திங்கள், யாசுயோ வருவது புதன். தினமும் துணியில்லாமல் பார்த்துக்கொண்ட இரண்டு பேர் இந்த ஒன்றை மட்டும் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். யாசுயோ பார்க்காதவள்போல் தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்த மறைப்பு எவ்வளவு பாடுபட்டுக் கட்டியது என்று அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

நாகானே நாட்குறிப்பை வாங்கிப் புரட்டினார். பூ வரைந்த பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இதை நான்தானே போட்டேன்."

"ஆமா டாக்டர். அழகா இருந்துச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்திரண்டு வருஷமா என் எதிர்ல உக்காந்திருக்கீங்க. நான் எதுக்கு டாக்டர்னு வாசல்லயே எழுதி வெச்சிருக்காங்க. உங்க மனசு எப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது கேட்டேனா நான்?"

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அது உங்க பாடு. கேட்காதது என் தப்பு." அவர் நாட்குறிப்பை மூடி வைத்தார். "உங்கம்மா சொன்னது பாதி சரி. வலிப்பு வேற, மனநோய் வேற. ஆனா வலிப்பு உள்ளவங்களுக்கு மனச்சோர்வு வர்றது ரொம்ப சகஜம். சில பேருக்கு வலிப்பை நிறுத்துற மாத்திரையே மனசைப் புடிச்சு கீழ இழுக்கும். உங்களுக்கு எது எவ்வளவுன்னு இப்பத் தெரியாது. மாத்திரையை மெதுவா மாத்தலாம், சரி பண்ணலாம். ஆனா அதுவரைக்கும் நீங்க தனியா இருக்கக் கூடாது. இரவும் பகலும் யாராவது கூட இருக்கணும். இல்லன்னா மாடியில வார்டுல சேரணும்."

மாடி வார்டு. ஜன்னலில் கம்பி போட்ட அந்த மாடியை அம்மா ஒருபோதும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வெளியே உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். சின்னப் பெண், சுறுசுறுப்பு அதிகம், குரலைத் தாழ்த்தத் தெரியவில்லை.

"கூட இருக்கிறவங்க பேரு, போன் நம்பர் சொல்லுங்க."

"யாருமில்ல."

"அக்கா இருக்காங்கன்னு பழைய காகிதத்துல இருக்கே?"

"அவங்களக் கூப்பிடாதீங்க. அவங்க வீட்டுல தெரியாது."

"பக்கத்து வீட்டுல? வேலை செய்யிற இடத்துல? ஒருத்தர்கூடவா இல்ல?"

யாசுயோவுக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். அந்தப் பெயருக்குரியவள் நாலடி தள்ளிப் பத்திரிகைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயரைச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பும். சாயங்காலத்துக்குள் ஊருக்குப் போய்விடும். அந்தப் பழியை இன்னொருத்தி தலையில் இறக்க யாசுயோவுக்கு மனம் வரவில்லை.

"ஒருத்தருமில்ல" என்றாள். "வார்டுன்னே எழுதிக்கோங்க."

நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

"என் பேரை எழுது" என்று பீரங்கிக் குரல் ஒன்று கேட்டது.

ஹிதேமி எழுந்து நின்றிருந்தாள். முகமூடி மோவாய்க்குக் கீழே தொங்கியது. தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டே வந்து யாசுயோவின் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெஞ்சுகளில் எல்லோரும் பார்த்தார்கள்.

"என் வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். ஏண்டி, நாலடி தூரத்துல என்னை வெச்சுக்கிட்டு ஒருத்தருமில்லங்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

யாசுயோ வாயைத் திறந்தாள். எட்டு மாதம் வராத அழுகை வந்தது.

"நல்லது" என்றாள் நர்ஸ், எழுதிக்கொண்டே. "இவங்களுக்கு நீங்க என்ன உறவுன்னு போடட்டும்?"

"உறவெல்லாம் இல்ல" என்றாள் ஹிதேமி. "ஒம்பது வருஷமா நானும் இங்க வர்றவதான்னு போடு."